மாப்பிள்ளைக்கு ரெண்டு வடை போதும்

மனைவி சொர்ணம் ஊரில் இல்லாத நாளில் மூன்று வடை தின்றே தீருவது என்ற முடிவோடுதான் சிவசாமி இன்னாசியம்மாள் டீக்கடைக்குப் போயிருந்தார். இரண்டு உள்ளே போயாயிற்று. மூன்றாவதை எடுத்தபோது, அதன் அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்த தாளில் நீல மையில் கோணல்மாணலாக ஒரு வரி தெரிந்தது.

'மாப்பிள்ளைக்கு ரெண்டு வடைக்கு மேல வைக்காதே.'

வடை கை நழுவி மடியில் விழுந்தது. அது அவருடைய மாமியாரின் எழுத்து. மாமியார் போய்ச் சேர்ந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

தாளைத் திருப்பிப் பார்த்தார். மெதுவடை, பக்கம் எழுபத்திரண்டு.

அது சொர்ணம் கல்யாணச் சீரோடு கொண்டுவந்த சமையல் புத்தகம். நானூறு பக்கம், நல்ல கனம். புத்தகம் அச்சடித்ததுதான், கடையில் வாங்கியதுதான். ஆனால் ஓரமெல்லாம் மாமியார் தன் கையால் எழுதிய குறிப்புகள். அந்த அம்மா கல்யாணமான நாலாம் மாதமே கண்ணை மூடிவிட்டார். சிவசாமி அவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவரோ சிவசாமியைப் பற்றி நாற்பது இடத்தில் எழுதியிருந்தார்.

மாப்பிள்ளைக்கு நெய் ஒரு ஸ்பூன். மாப்பிள்ளைக்கு அப்பளம் ஒன்று. மாப்பிள்ளைக்குப் பாயசம் அரை டம்ளர், அவருக்குச் சீனி ஆகாது. சிவசாமிக்குச் சர்க்கரை வந்ததே நாற்பத்தாறு வயதில்தான். கல்யாணப் பந்தியில் ஒரு தடவை பார்த்ததிலேயே கண்டுபிடித்துவிட்ட அந்த மனுஷியின் தீர்க்கதரிசனத்தை அவர் ஆபீசில் சொல்லிச் சொல்லிப் புல்லரித்திருக்கிறார். சாப்பாட்டில் எப்போது தகராறு வந்தாலும் சொர்ணம் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "நானாங்க சொல்றேன்? ஆத்தால்ல எழுதி வச்சிருக்கு." அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தப் புத்தகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள். வினையே அதில்தான். நேற்றுக் காலை விராலிமலையில் தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் புறப்படும்போது, பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனாள். முறுக்குக்கு மாவுக் கணக்குப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அந்தப் பேப்பர் அடுக்கின் மேலேயே வைத்ததை மறந்துவிட்டாள். சிவசாமி புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ரெக்கார்ட் செக்ஷனில் குப்பை கொட்டியவர். பிரித்துப் பார்த்துக் கட்டும் பழக்கம் அங்கே கிடையாது. அடுக்கை அப்படியே சதுரமாகத் தட்டி, குறுக்கும் நெடுக்குமாக ஆபீஸ் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார். பேப்பர்க்காரர் அதை இன்னாசியம்மாளிடம் தள்ளியிருக்கிறார்.

வருகிற வெள்ளிக்கிழமை மாமியாருக்குத் திதி. படத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் சொர்ணம் விளக்கே ஏற்றுவாள். அவளுக்கு ஆத்தா என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அது வடை மடிக்கப் போய்விட்டது என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது?

கடையில் கம்பியில் குத்தித் தொங்கிய தாள்களைப் பார்த்து, "இன்னாசி, அந்தத் தாளை மட்டும் குடேன்" என்றார்.

"தாளைத் தூக்கி ஒங்களுக்குக் குடுத்துட்டு வடையை நான் எதுல குடுக்கிறது? வடை வாங்குங்க, தாள் தானா வரும்."

காரணத்தைச் சொல்லலாம். ஆனால் இன்னாசியம்மாளிடம் ஒன்றைச் சொன்னால் அது அரிமளம் பூராவும் போய், பஸ் ஏறி விராலிமலைக்கும் போய்விடும். சிவசாமி வடை வாங்கினார். ஒரு வடைக்கு ஒரு தாள். ஒன்பதாவது வடையோடு மாவு தீர்ந்தது, புத்தகமும் தீர்ந்தது. மற்றதெல்லாம் காலையிலேயே ஊரார் கை துடைத்துப் போட்டாயிற்று. வாங்கியதை வீணாக்க மனசு வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு ஓமத் தண்ணீர்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை. பழைய புத்தகக் கடையில் இரண்டு மணி நேரம் தூசியில் முங்கி எழுந்ததில், அதே புத்தகம், அதே பதிப்பு கிடைத்தது. சிவசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் பக்கத்தில் 'கோலப் போட்டி, இரண்டாம் பரிசு, செல்வி பிரகதீஸ்வரி' என்று இருந்தது. அதைக் கிழித்துவிடலாம். ஆனால் பரிசு வாங்கிய பெண் ஒரு நாள்கூட அதைத் திறந்து சமைத்ததாகத் தெரியவில்லை. உள்ளே ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

வீட்டுக்கு வந்து மஞ்சள்தூளைக் கரைத்துத் தெளித்தார். அது சாமியாடிக்குத் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. அதை மங்க வைக்க டீத்தூள் டிகாக்ஷனைத் துணியால் ஒற்றினார். புத்தகம் ஊறி இரண்டு பங்கு பருத்தது. மொட்டைமாடியில் காயப்போட்டு, சுருண்டு போகாமல் இருக்க அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் இறக்கி, பழையபடி செய்தித்தாளில் அட்டை போட்டதும், புத்தகம் அச்சு அசலாக முப்பது வருஷம் அடுப்படியில் கிடந்து சீரழிந்த மாதிரியே இருந்தது. சிவசாமியும்தான்.

மிச்சம் எழுத்து. அங்கேதான் சிவசாமி ராஜா. கரையான் அரித்த ரெஜிஸ்டரைப் பழைய குமாஸ்தா கை மாதிரியே திரும்ப எழுதிச் சேர்ப்பதில் ஆபீசில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்பது தாளையும் பரப்பி வைத்து, கோணலைப் படித்து, சுழியைப் படித்து, ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து எழுதினார். முதல் ஐந்தாறு குறிப்பு நியாயமாகத்தான் போனது. மெதுவடைக்கு வந்ததும் பேனா நின்றது.

ஒன்பது வடை தின்றும் உயிரோடுதானே இருக்கிறோம் என்று தோன்றியது. முப்பத்தொரு வருஷமாக மூன்றாவது வடைக்கு ஏங்கிய ஒரு மனுஷன் கையில் பேனாவையும் மாமியார் எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

'மாப்பிள்ளை மூணாவது வடை கேட்டால் முகம் கோணாமல் வை.'

எழுதியதும் தேகமே லேசானது. பிறகு பேனா நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு நெய் தாராளமா ஊத்து. மாப்பிள்ளைக்குப் பாயசம் ரெண்டு டம்ளர். அப்பளத்தை எண்ணாதே. கடைசியில், மிளகு ரசத்தின் ஓரத்தில், ரசத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல், 'மாப்பிள்ளை தங்கமானவர்' என்றும் எழுதிவிட்டார்.

புதன்கிழமை சொர்ணம் வந்தாள். வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். புத்தகத்தை எடுத்தாள். சிவசாமி கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் புரளும் சத்தம். இன்னொரு பக்கம்.

"என்னங்க, இங்கிட்டு வாங்க."

போனார். மிளகு ரசம் திறந்திருந்தது.

"இது ஆத்தா எழுதினதா?"

"எழுத்தைப் பாரேன். வேற யாரு எழுத்து?"

சொர்ணம் எழுத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி எழுத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா எழுத்துதான்" என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா நான்தான் சரியாப் படிக்கலை போல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே சிவசாமி எடுத்துக்கொண்டார். அம்மா இல்லாத பெண்ணை ஏமாற்றிவிட்டோமே, காலில் விழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் ராத்திரிப் பருப்புச் சோற்றில் நெய் மிதந்தது, பக்கத்தில் பாயசம் ரெண்டு டம்ளர் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பிசைந்தார்.

வியாழக்கிழமை காலை, அவள் கோலம் போட வெளியே போன நேரத்தில், தன் கைவண்ணத்தை ஒரு தடவை பார்த்து ரசிக்கலாம் என்று புத்தகத்தை எடுத்தார். நெய்யைப் பற்றிய குறிப்புக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதே நீல மை, அதே கோணல், அதே சுழி.

'நெய் தின்ற மாப்பிள்ளை மறுநாள் விடியலில் நாலு கிலோமீட்டர் நடக்கணும்.'

இதை அவர் எழுதவில்லை.

பக்கத்தைப் புரட்டினார். பாயசத்துக்குக் கீழே: 'ரெண்டு டம்ளர் குடித்தால் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும் ரெண்டு டம்ளர்.' மிளகு ரசத்துக்கு வந்தார். 'மாப்பிள்ளை தங்கமானவர்' என்பதற்குப் பக்கத்தில், 'பொய் சொல்லாத வரைக்கும்' என்று இருந்தது.

திதிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. மாமியார் வந்துவிட்டார். வந்து, தன் பேரில் எவனோ எழுதியதைத் திருத்தியும் விட்டார். கூடத்தில் படத்தில் இருந்த அந்த அம்மா தன்னையே பார்ப்பது போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே நடையாகத் திருமயம் சாலையில் நாலு கிலோமீட்டர் நடந்தார். கணக்குப் பிசகக்கூடாது என்று பயந்து இன்னும் அரைக் கிலோமீட்டர் சேர்த்து நடந்தார். திரும்பி வந்தால், சொர்ணம் பாகற்காய்ச் சாற்றோடு வாசலில் நின்றாள். ஆத்தா எழுதியிருக்கு என்றாள். மறுபேச்சில்லாமல் குடித்தார்.

வெள்ளிக்கிழமை திதிக்கு சொர்ணத்தின் தம்பி பெரியகருப்பன் வந்தான். இருபத்தாறு வருஷமாகச் சிங்கப்பூரில் இருப்பவன். லீவும் திதியும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை, இந்த வருஷம்தான் வாய்த்தது. படத்துக்கு மாலை, முன்னால் அட்டை போட்ட புத்தகம், அதற்குப் பொட்டு. சூடம் காட்டியபோது சிவசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இடுப்பு பிடித்திருந்ததால் எழுந்திருக்க நேரமானது. மாமியார் மேல் இத்தனை பக்தியா என்று பெரியகருப்பன் கண் கலங்கிப் போனான்.

படையல் முடிந்து இலை போட்டார்கள். சொர்ணம் சிவசாமி இலையில் ஒரு வடை வைத்தாள். இரண்டாவது வைத்தாள். முகம் கோணாமல் மூன்றாவதும் வைத்தாள்.

"மச்சானுக்கு சுகர்னு சொன்னாக, மூணு வடை திங்கலாமா?" என்றான் பெரியகருப்பன்.

சிவசாமியின் பயமெல்லாம் வடையைப் பார்த்ததும் எங்கோ போயிருந்தது. "நானா கேட்டேன் தம்பி? எல்லாம் ஒங்க ஆத்தா உத்தரவு. தன் கையால எழுதி வச்சிட்டுப் போயிருக்காக."

"ஆத்தாவா?"

"சும்மா சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றாள் சொர்ணம் அவசரமாக. "தம்பி, ரசம் ஊத்தவா?"

"இரு சொர்ணம், அவனும் பாக்கட்டும். பெத்த தாய் எழுத்து, அவனுக்கும் பாத்தியதை உண்டுல்ல?"

"சாப்பாட்டுக் கையோட அதைத் தொடாதீங்க. சாமிக்கு வச்சது."

சிவசாமி கையைக் கழுவிவிட்டே வந்தார். புத்தகத்தை எடுத்து, மெதுவடைப் பக்கத்தை விரித்து, மைத்துனனுக்கு முன்னால் வைத்தார். சொர்ணம் ரசக் கரண்டியைப் பிடித்தபடி அடுப்படி நிலையில் போய் நின்றுகொண்டாள். பெரியகருப்பன் சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை இடது கையால் எடுத்து மாட்டினான். ஒரு வரி படித்தான். பக்கத்தைப் புரட்டி இன்னொன்று படித்தான். படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு மச்சான் இதை எழுதினது? எங்க ஆத்தாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாதே, சாகுற வரைக்கும் கைநாட்டுத்தானே வச்சுச்சு."