சிப்பி விந்தணுவும் என் பேக்கிங்கும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சானுக்கு,

இங்கே உங்கள் தங்கையும் மகளும் நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இதை ஃபிரிட்ஜ் மேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் மருமகள், அதுதான் என் மகள், மூன்று வருடமாக ஆராய்ச்சி என்று கடல் சிப்பியோடு மல்லுக்கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். சிப்பியின் விந்தணு கண்ணுக்கே தெரியாது, அதன் தலைக்குள் ஒரு முழத்துக்கும் மேலான டி.என்.ஏ. நூலை மடித்துக் கட்டி வைத்திருக்கிறதாம், கட்டுவதற்கென்றே தனியாகச் சில புரதங்கள் இருக்கின்றனவாம். அவள் இதைச் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தவன் நான். மகளும் என் தொழிலுக்கே வந்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். இதில் ஒரு வில்லங்கம் என்னவென்றால், தண்ணீரில் செம்பு கலந்தால் அந்தப் புரதம் புத்தி மாறி, கட்ட வேண்டிய நூலையே கெடுத்துவிடுமாம். அதைத்தான் அவள் ஆராய்கிறாள். "பேக்கரே சரக்கை உடைக்கிறான்னு சொல்லு" என்றேன். "அதேதான்ப்பா" என்று சிரித்தாள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த விந்தணுச் சாம்பிளை நேற்று வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நான்தான் வாயைக் கொடுத்தேன், "பேக்கிங்னா அப்பா இருக்கேன்ல" என்று. அவளும் தெர்மாகோல் பெட்டி, சாம்பிள் அடைத்த குழாய்கள், டிரை ஐஸ் எல்லாவற்றையும் கொடுத்து, "அப்பா, இந்த ஐஸ் தண்ணியா உருகாது, வாயுவாகி வெளியே வந்துட்டே இருக்கும். மூடியில ஓட்டை விட்டிருக்கேன், அதை மட்டும் அடைச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நீங்களே சொல்லுங்கள் மச்சான், ஓட்டையோடு ஒரு பெட்டி என் கையை விட்டுப் போவதா? பார்ப்பவன் என்ன நினைப்பான்? கை சும்மா இருக்கவில்லை, அகல டேப்பை எடுத்து ஏழு சுற்று சுற்றிவிட்டேன். கூரியர் அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, பெட்டியைக் கொடுத்து, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் படார் என்று ஒரு சத்தம். மூடி பறந்து மின்விசிறியில் மோதியது. கவுண்டர் பெண் மேசைக்கு அடியில் போய்விட்டாள். காவலாளி பெட்டியிலிருந்து கீழே விழுந்த சீட்டை எடுத்து, "கடல் சிப்பி விந்தணு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார், வரிசை முழுவதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. நானும் யாரோ எவரோ போல, "என்ன அநியாயம்ங்க இது" என்று தலையை ஆட்டிவிட்டு நழுவி வந்துவிட்டேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் கூரியரிலிருந்து அவளுக்குப் போன் வந்துவிட்டது. குழாய் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம், உங்கள் தங்கைதான் சொன்னாள். சிப்பிக்கு இதெல்லாம் பருவத்தில்தான் சுரக்கும், அடுத்த பருவத்துக்கு எட்டு மாதம் இருக்கிறது. நேற்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அறையில் உட்கார்ந்து ஏதோ டைப் அடித்துக்கொண்டே இருக்கிறாள். அந்தக் கவுண்டர் பெண் மேல் புகாராகத்தான் இருக்கும். செம்பு பட்ட புரதம் நான்தான் என்று போய்ச் சொல்ல மூன்று தடவை கதவு வரை போனேன். மூன்று தடவையும் "தண்ணி வேணுமாம்மா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். உங்கள் தங்கையோ, "நீங்களாச்சு உங்க பொண்ணாச்சு" என்று கையை விரித்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். திட்டினால் வாங்கிக்கொள்வேன். இனிமேல் "அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எதையும் என் கையில் கொடுக்கமாட்டாளே, அதுதான் பயம். மாமா சொன்னால் கேட்பாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இனி இந்த ஜென்மத்தில் நான் டேப்பைத் தொடமாட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகள் எல்லாச் சீரும் பெற்று நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். நான்காவது தடவை போனபோது சொல்லிவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உடைஞ்ச பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்கப்பா. இப்படி டேப் சுத்த உலகத்துல வேற யாரு இருக்கா?" என்றாள். உள்ளே இருந்தது வெறும் கடல் தண்ணீராம். வழியில் குளிர் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளோட்டம், சீட்டு மட்டும்தான் நிஜம். டைப் அடித்தது அந்தக் கவுண்டர் பெண்ணுக்கு மன்னிப்புக் கடிதம். "இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள். நிஜச் சாம்பிள் இன்றைக்குத்தான் போகிறது. இதோ கூப்பிடுகிறாள், பெட்டியை நான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், டேப்பை அவள் ஒட்டுவாளாம்.