மூன்றாம் நிபந்தனை

"மூணாவது வரியைப் படிங்க."

தையல்காரர் படிக்கவில்லை. சோதனை ஃப்ரேம் மாட்டிய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காதை மட்டும் கதவுப் பக்கம் கொடுத்திருந்தார். இருட்டறைக்கு வெளியே அண்ணனும் தம்பியும் கட்சித் தலைவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டு எழுத்துப் பலகையை யார் படிப்பார்கள்?

அந்தக் கண்ணாடிக் கடையில் மூன்று பேர். பின்னால் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பது அப்பா. முன்னால் கவுன்டரில் ஃப்ரேம் விற்பது சித்தப்பா. நடுவில், ஜன்னல் இல்லாத அறையில், கண் பரிசோதிப்பது அவள். அதற்கென்று படித்துப் பட்டம் வாங்கியவள். வயது இருபத்தாறு. ஆனாலும் இரண்டு பேருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. இருட்டறை வேலை அவளுக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா நங்கூரக் கட்சி. சித்தப்பா சாவிக் கட்சி. வார்டுத் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"உங்க தலைவருக்குப் பவர் மைனஸ் ஆறாச்சும் இருக்கும். ஆனா போஸ்டர்ல கண்ணாடியைக் கழட்டிட்டு நிக்கறார்" என்றார் சித்தப்பா. "கண்ணாடி போட வெக்கப்படற ஆளுக்கு, கண்ணாடிக் கடைக்காரர் நீங்க ஓட்டுக் கேக்கறீங்க. நல்லா இருக்கு அண்ணே."

"உன் தலைவர் போட்டிருக்கறது பவரே இல்லாத வெத்துக் கண்ணாடிடா. வெளிச்சம் அதுல திரும்பற விதத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும். படிச்சவர் மாதிரி இருக்கணும்னு மாட்டிக்கிட்டிருக்கார்."

வழக்கமாக இது டீ வரும் வரைக்கும் நடக்கும். அன்று டீ வந்து ஆறியும் நிற்கவில்லை. அவள் தையல்காரரை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது, பேச்சு தலைவர்களை விட்டு இறங்கி, இந்தக் கடை யாரால் ஓடுகிறது என்பதில் வந்து நின்றிருந்தது. தேய்க்க ஆள் இல்லாவிட்டால் வெறும் ஃப்ரேமை மாட்டிக்கொண்டா போவார்கள் என்றார் அப்பா. விற்க ஆள் இல்லாவிட்டால் லென்ஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டா பார்ப்பார்கள் என்றார் சித்தப்பா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் இறங்கி வர வழி தெரியவில்லை. ஏறிப் போக மட்டும் வழி இருந்தது.

"பாப்பா, ஒரு சீட்டு எடு. எழுது" என்றார் அப்பா.

கண்ணாடி அளவு எழுதும் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள். ஒன்று: நம் வார்டில் யாருடைய கட்சிக்கு ஓட்டுக் குறைகிறதோ, அவர் கடையை விட்டு வெளியேறித் தனிக்கடை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு: பேச்சு மாறக்கூடாது.

அவள் கை அங்கே நிற்கவில்லை. பொடி எழுத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள். இருவரும் தோற்றால் இந்தச் சீட்டு செல்லாது.

சித்தப்பா படித்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் தோக்கணும்னா வாளிதான் ஜெயிக்கணும்."

அப்பாவும் சிரித்தார். அந்த வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான். வாளிச் சின்னத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். கட்சி கிடையாது. போன தடவை வாங்கியது எண்பத்துமூன்று ஓட்டு. எழுதிக்கொள்ளட்டும் பாப்பா என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சீட்டு எழுத்துப் பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைக் கவுன்டரில் உட்கார வைத்தால், வருகிறவரிடமெல்லாம் இந்த ஃப்ரேம் உங்கள் முகத்துக்கு நன்றாக இல்லை என்று உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவார். சித்தப்பாவைத் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கம் விட்டால் லென்ஸும் போகும், விரலும் போகும். இரண்டு கடையும் மூன்று மாதம் தாங்காது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. பிரிந்த பிறகு அவள் எந்தக் கடைக்குப் போவது? நாள் முழுக்க "இதுவா, அதுவா" என்று கேட்டுப் பிழைப்பவள் அவள். அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பு, அவள் வாளி வேட்பாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நோட்டீஸ் வேண்டும், கடையில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவேயில்லை. அலமாரியிலிருந்து ஒரு கற்றையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஊசியைத் தேட ஆரம்பித்தார்.

ஓட்டுக் கேட்க அவளுக்கு வாய் வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் இருப்பது தெரிகிறதா என்று பார்க்க ஒரு வாசிப்பு அட்டை உண்டு. அதை எடுத்துவிட்டு, வாளி நோட்டீஸைக் கையில் கொடுத்தாள். "இதைப் படிங்க."

தையல்காரர் மறுபடி வந்தார். அவர்தான் முதலில் படித்தார். கடைசியில் பொடி எழுத்தில் இருந்த, தெருவிளக்கு எரியாவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற வரி வரைக்கும் படித்துவிட்டு, "நல்ல மனுஷன்தான்மா. ஆனா ஜெயிக்க மாட்டார். அதனால சாவி வரக் கூடாதுன்னு நங்கூரத்துக்குப் போடப்போறேன்" என்றார்.

அடுத்து வந்த பள்ளிக்கூட டீச்சர், நல்ல மனிதர்தான், ஆனால் ஜெயிக்க மாட்டார், அதனால் நங்கூரம் வராமல் இருக்கச் சாவிக்குப் போடப்போகிறேன் என்றார். நான்கு நாளில் நாற்பது பேர் வந்தார்கள். அவள் குறித்துவைத்துக்கொண்டாள். இருபத்தேழு பேருக்கு வாளியைப் பிடித்திருந்தது. இருபத்தேழு பேரும் வேறு யாருக்கோதான் போடுவதாக இருந்தார்கள், மற்றவர்கள் போட மாட்டார்கள் என்பதால்.

ஐந்தாம் நாள் அவள் முதன்முதலாகப் பிரச்சாரம் செய்தாள். மொத்தம் ஒரு வாக்கியம்.

"உங்களுக்கு முன்னாடி வந்தவரும் இதையேதான் சொன்னார்."

"அப்படியா?" என்று நோயாளி யோசனையோடு எழுந்து போனார். அதற்கப்புறம் எல்லோரிடமும் அதைச் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

சிக்கல், கண் மங்கியவர்கள் சத்தமாகப் படிப்பதில் வந்தது. காது கொஞ்சம் மந்தமான ஒரு பேருந்து ஓட்டுநர் நோட்டீஸ் முழுவதையும் கடைசி சீட்டில் இருக்கும் கண்டக்டருக்குக் கேட்கிற குரலில் படித்தார். பட்டறையில் இயந்திரம் நின்றது. அப்பா வெளியே வந்தார்.

"என்னடா இது? நம்ம கடைக்குள்ள வாளி நோட்டீஸ் எப்படி வந்துச்சு? எங்க ஓட்டைப் பிரிக்கப் பாக்கறியா?"

"நானா? எங்க ஓட்டைப் பிரிக்க நீங்க செய்யற வேலை அண்ணே இது."

அவள் உடனே நங்கூர நோட்டீஸையும் சாவி நோட்டீஸையும் வாங்கி வந்து, மூன்றையும் வரிசையாகப் படிக்கக் கொடுத்தாள். நடுநிலை. அது இன்னும் மோசமாகப் போனது. நங்கூரக்காரர்கள் சாதனைப் பட்டியலை எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். படித்தவர்களுக்குத் தலைவலி வந்தது. சாவி நோட்டீஸில் தலைவர் படம் மட்டும்தான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்தே தெரியலையேம்மா" என்று ஒருவர் கலங்கிப்போனார். தெளிவாகத் தெரிந்தது வாளிதான். நங்கூரம் என்றால் தலைவலி, சாவி என்றால் ஒன்றுமில்லை என்று கண்ணாடிக் கடையில் சோதித்தே சொல்லிவிட்டார்கள் எனத் தெருவெல்லாம் பேச்சு. இரண்டு கட்சியிலிருந்தும் ஆட்கள் வந்து விளக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதோடு நிற்கவில்லை. மூக்குப் பட்டை மாற்ற வந்த ஒரு அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். துடைக்கும் துணிக்குக் கீழே வாளி நோட்டீஸ் மடித்து வைத்திருந்தது. கூட்டில் அவள் எதையும் வைக்கவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து வந்த ஒரு ஜோடி லென்ஸ் வாளி நோட்டீஸில் சுற்றி வந்தது. தன் கற்றையிலிருந்துதான் காற்றில் பறந்து கடை முழுக்கப் பரவுகிறது என்று நினைத்து, மின்விசிறியை நிறுத்திவைத்தாள். நோயாளிகளுக்கு வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

கூடு கவுன்டரில்தான் இருக்கிறது என்றார் அப்பா. லென்ஸ் பட்டறையிலிருந்துதான் வருகிறது என்றார் சித்தப்பா. அன்று மாலை கடையின் குறுக்கே தரையில் வெள்ளை டேப் ஒட்டப்பட்டது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. லென்ஸ் தட்டுகளை இருட்டறை வழியாக அவள்தான் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் இரண்டு தட்டு இடம் மாறியது. பேருந்து ஓட்டுநருக்கு டீச்சரின் வாசிப்புக் கண்ணாடி போய்ச் சேர்ந்தது. அவர் மூன்று நிறுத்தங்களைக் கவனிக்காமல் தாண்டிப் போய், நாலாவதில் இறங்கி நடந்தே கடைக்கு வந்து திட்டினார்.

அடுத்த நாள் எதிர்வரிசையில் பூட்டியிருந்த கடையின் சாவி சித்தப்பாவின் மேஜையில் கிடந்தது. யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவரை வரச்சொல்லி, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு ஒரு பலகை செய்யச் சொன்னார். வந்து சேர்ந்த பலகையில் இரண்டு கண்கள் வரையப்பட்டிருந்தன. சுவரில் சாய்த்துவைத்த அந்தக் கண்கள் அவள் போகிற இடமெல்லாம் அவளையே பார்த்தன.

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதென்று பட்டறைக்குள் போனாள்.

"அப்பா, அந்த நோட்டீஸ் வெச்சது நான்தான்."

அப்பா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சித்தப்பாவைக் காப்பாத்தறியா? உனக்கு அவன்னா உசுரு, எனக்குத் தெரியும். போ, போய் வேலையைப் பாரு."

டேப்பைத் தாண்டிக் கவுன்டருக்குப் போனாள். சித்தப்பா அவளை முழுதாகப் பேசக்கூட விடவில்லை. "அண்ணன் சொல்லச் சொல்லி அனுப்பினாரா? உன் முகத்துக்குப் பொய் பொருந்தலை பாப்பா. கழட்டிடு."

பிறகு தேர்தல் வந்தது. மூன்று பேரும் தனித்தனியாகப் போய் ஓட்டுப் போட்டார்கள், தனித்தனியாக வந்தார்கள். போகிற வழியில் எதிரே பார்த்தும் பேசவில்லை. அவள் வாளிக்குப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றை "இதுதான்" என்று சொல்லிவிட்ட களைப்பில் வந்து படுத்தாள்.

எண்ணிக்கை அன்று கடையில் வானொலி மட்டும் பேசியது. மற்ற வார்டுகளெல்லாம் முடிந்து இவர்கள் வார்டு வரும்போது சித்தப்பா ஒரே ஃப்ரேமை ஒன்பதாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் இயந்திரம் ஓடியது. அதில் லென்ஸ் இல்லை.

சாவி அறுநூற்று அறுபத்தெட்டு. நங்கூரம் அறுநூற்று எழுபத்தொன்று.

மூன்றே ஓட்டு. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா மேஜைமேல் கிடந்த எதிர்க்கடைச் சாவியைப் பார்த்தார். பட்டறை வாசலில் அப்பா நின்றார். ஜெயித்தவர் முகம் போல அது இல்லை.

வாளி எழுநூற்றுப் பன்னிரண்டு.

அப்பா வானொலியை அணைத்துவிட்டு, ஜனங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார். இந்த நாடு உருப்படாது என்று சித்தப்பா ஒத்துக்கொண்டார். அவள் ஓடிப்போய் எழுத்துப் பலகைக்குப் பின்னாலிருந்து சீட்டை உரித்து வந்து, மூன்றாவது வரியில் விரல் வைத்துக் காட்டினாள்.

"அதான் எழுதியிருக்கே. பேச்சு மாற முடியுமா?" என்றார் அப்பா.

"மாறக் கூடாது" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு, யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்கள் என்று முணுமுணுத்தபடி குனிந்து தரையிலிருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தார். அப்பா மறுமுனையிலிருந்து உரித்தார். பெயர்ப்பலகை குப்புறப் படுத்து பட்டறைக்கு அலமாரித் தட்டாகிவிட்டது. தோற்ற துக்கத்தில் இரண்டு பேரும் மத்தியானம் வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே சாப்பிட்டார்கள். பாவம், மனசுக்குள் எவ்வளவு வலி இருக்கும் என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. தான் செய்த காரியத்தை இந்த இரண்டு பேரிடமும் சாகிறவரை சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

நான்காம் நாள் காலை வாளிக்காரர் கடைக்கு வந்தார். நிறைய கோப்பு படிக்க வேண்டியிருக்கிறது, புதுக் கண்ணாடி வேண்டும் என்றார். வாய் திறந்து எதையாவது சொல்லிவைக்கப் போகிறாரே என்று, அவள் அவரை அவசரமாக இருட்டறைக்குள் இழுத்துப் போய் உட்கார வைத்து, சோதனை ஃப்ரேமை மாட்டினாள். கதவைச் சாத்தத் திரும்பினால், வாசலில் அப்பாவும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். புது உறுப்பினருக்கு ஏதாவது தேவைப்படுமோ என்று வந்தார்களாம். இருவர் முகமும் வெளுத்திருந்தது. கோபம்தான் என்று நினைத்தாள்.

"இப்ப நல்லா தெரியுதா, இப்பவா?" என்று லென்ஸை மாற்றினாள்.

"இப்பதான் எல்லாம் நல்லா தெரியுது" என்றார் அவர். நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார். "ஜெயிச்சாச்சு. இனிமே அந்த ரகசியத்தை வெளியில சொல்லலாமில்ல?"

"எந்த ரகசியம்?" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

அவர் சோதனை ஃப்ரேம் வழியாக மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நோட்டீஸ் வேணும், கடையில மத்த ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுன்னு மூணு பேரும் தனித்தனியா வந்து சொன்னீங்களே, அதுதான்."