படகுக்காரன் அழைப்பு

நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிறந்தது மட்டும்தான் அங்கே. அது வளர்ந்து ஆளாகி முழுமை பெற்றது கெய்ரோவில், நைல் நதியின் நடுவே, குளிரூட்டிய அறைக்குள், நதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மனிதன் இரவு உணவு சாப்பிடத் தொடங்கிய நாளில்தான். பிரமிடு கட்டியவர்களுக்குக்கூட இந்த யோசனை வரவில்லை. பாவம், அவர்கள் நதியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுச் செத்துப்போனார்கள்.

இந்த மகத்தான அனுபவம் ஷஹாத்தாவுக்கு ஒரு வியாழக்கிழமை மாலை வாய்த்தது. அவர் அதற்கு ஆசைப்படவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

நைல் டெல்டா பக்கத்து நகராட்சி ஒன்றில் ஷஹாத்தா 'வரவேற்பு வளைவுகள் பிரிவின்' தலைமை எழுத்தர். ஊருக்குள் நுழையும் சாலைகளில் எல்லாம் 'வருக, வருக' என்று வளைவு கட்டுவது அந்தப் பிரிவின் பணி. வந்தவர்களை என்ன செய்வது என்பது வேறொரு பிரிவின் பொறுப்பு. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை. அலுவலகத்தில் ஊரையே வரவேற்றுப் பழகிய வாய் வீட்டிலும் சும்மா இருக்கவில்லை.

அவருடைய மகள் நெஹாலைப் பெண் கேட்டு ஹாஜ்ஜா தௌலத், ஹஜ் முடித்த அம்மாள், வந்திருந்தார். அந்த அம்மாளின் மகன் ஹைதம் மருந்துக்கடை வைத்திருந்தான். நெஹாலும் அவனும் கல்லூரி நாளிலிருந்தே ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவன் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று நெஹால் சொல்லிவிட்டாள். எல்லாம் ஹாஜ்ஜாவின் ஒரு சொல்லில் தொங்கியது. ஹாஜ்ஜாவோ தேநீரைக் குடித்தார், சுவரைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே ஷஹாத்தாவின் வாய் தன் கடமையைச் செய்தது.

"வெறும் டீயோட கிளம்புறீங்களே ஹாஜ்ஜா. ஒருநாள் கெய்ரோவுல, நைல் கப்பல்ல, ஆட்டம் பாட்டத்தோட விருந்து வெக்கிறேன். குடும்பத்தோட வாங்க."

இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் இதற்குப் பதில் தெரியும். மார்பில் கைவைத்து, 'எதுக்கு உங்களுக்குச் சிரமம்' என்று மூன்று முறை மறுக்க வேண்டும். அழைத்தவர் மூன்று முறை சத்தியம் செய்ய வேண்டும். பிறகு இரண்டு தரப்பும் மனம் நிறைந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதற்குப் 'படகுக்காரன் அழைப்பு' என்று பெயர். நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கையில் ரொட்டியோடு கரையில் நிற்பவனைப் பார்த்து, 'வாங்க, சாப்பிடலாம்' என்பான். கரையில் நிற்பவன் நீந்தியா வரப்போகிறான்? எங்கள் விருந்தோம்பல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செலவில்லாமல் செழித்திருப்பது இப்படித்தான்.

ஹாஜ்ஜா தௌலத் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

"வியாழக்கிழமை எங்களுக்குச் சௌகரியம்" என்றார்.

கதவைச் சாத்திய பிறகு ஷஹாத்தாவின் மனைவி இன்திசார் தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கடைசியில், "ஊரெல்லாம் வளைவு கட்டுறீங்களே, உங்க வாய்க்கு முன்னாடி ஒண்ணு கட்டி 'வழி கிடையாது'ன்னு எழுதி வெச்சா என்ன" என்றாள். பிறகு சேமிப்பை உடைத்தார்கள்.

கப்பலின் பெயர் 'கிளியோபாத்ராவின் புன்னகை'. வாயிலில் பாரோ மன்னர் வேடத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தோடு நின்று, வெள்ளைக்காரர்களையும் சீனர்களையும் அவரவர் மொழியில் வணங்கி வரவேற்றுக்கொண்டிருந்தார். ஷஹாத்தாவைக் கண்டதும் மன்னர் தாய்மொழிக்கு மாறி, "டிக்கெட்டைக் காட்டு" என்றார்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஜன்னல் ஓரம். ஷஹாத்தா குடும்பம் 'உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள்' என்ற சிறப்புப் பிரிவில் வந்ததால், சமையலறைக் கதவுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் மேஜை கிடைத்தது. ஆனால் பாரபட்சம் என்று யாரும் புகார் சொல்ல முடியாது. வண்ண விளக்குகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை போட்டிருந்தார்கள். நதி யாருக்குமே தெரியவில்லை. சமத்துவம் நிலவியது.

கப்பல் நகர்ந்தது என்று மேஜைமேல் இருந்த தண்ணீரின் ஆட்டத்தை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். பளபளக்கும் நீலக் கோட்டு அணிந்த தொகுப்பாளர் ஒலிவாங்கியோடு மேடைக்கு வந்தார். இது உங்கள் வீடு, இது உங்கள் நதி, நாங்கள் உங்கள் சேவகர்கள் என்று அறிவித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அதையே திரும்ப அறிவித்தார். வீட்டுக்காரர்கள் நடுவே மறந்துவிடக் கூடாதல்லவா.

பிறகு உணவு வைக்கப்பட்டது. வறுத்த ஆட்டுத்தொடை, பொரித்த கோழி, அடுப்பிலிட்ட மக்ரோனி, திராட்சை இலையில் சுற்றிய சோறு என்று நீண்ட மேஜை முழுக்க ஆவி பறந்தது. ஷஹாத்தா தயாராக இருந்தார். எல்லோருக்கும் முன்பாகத் தன் கூட்டத்தை வரிசையின் முகப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இந்த ஓர் இடத்தில் அவர் ஜெயித்திருந்தார். அதன் பிறகுதான் மரியாதை குறுக்கே வந்தது.

"முதல்ல நீங்க, ஹாஜ்ஜா" என்றார்.

ஹாஜ்ஜா தட்டுக்குக் கையை நீட்டினார், மகன் தடுத்துவிட்டான். ஹைதம், பெரியவர் இருக்கும்போது அம்மா எடுப்பது முறையல்ல, மாமா முதலில் எடுக்க வேண்டும் என்றான். இன்திசார், மாப்பிள்ளைப் பிள்ளை எடுக்காமல் பெண் வீட்டார் தொடுவதா என்றாள். ஹைதம் தன் இறந்துபோன தந்தையின் மீது ஆணையிட்டான். ஷஹாத்தா தன் தாய் தந்தை இருவர் மீதும் ஆணையிட்டார். அப்படியும் யாரும் கரண்டியைத் தொடாததால், பெரிய ஆயுதத்தை எடுத்தார்.

"ஹாஜ்ஜா மொதல்ல எடுக்கலேன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்."

"இவர் சொன்ன தலாக்குல ஒண்ணாச்சும் பலிச்சிருந்தா நான் எப்பவோ நிம்மதியா இருந்திருப்பேன்" என்றாள் இன்திசார், ஹாஜ்ஜாவிடம்.

இந்த உயர்ந்த பண்பாட்டு விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, பண்பாடு தெரியாத வெளிநாட்டவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டை நிரப்பினார்கள். திரும்ப வந்தும் நிரப்பினார்கள். கடைசியில் ஹாஜ்ஜா தட்டை எடுத்தபோது, நீண்ட மேஜையில் வாத்து வடிவில் செதுக்கிய ஓர் எலுமிச்சையும், கொஞ்சம் கொத்தமல்லித் தழையும், ஒரு கிண்ணம் டர்னிப் ஊறுகாயும் இருந்தன. ஹாஜ்ஜா மிகுந்த கண்ணியத்தோடு ஊறுகாய் எடுத்துக்கொண்டார்.

ஷஹாத்தா அந்த ஊறுகாயைப் பார்த்தார். பெண் கொடுக்கிற வீடு எப்படிச் சோறு போடுகிறது என்று பார்க்க வந்தவருக்கு ஊறுகாயா? சர்வரைப் பிடித்து, இன்னும் வருமா என்று கெஞ்சினார். "என் ரெண்டு கண்ணையும் குடுக்குறேன் பாஷா" என்று சொல்லிவிட்டு சர்வர் போனான். அதன் பிறகு கண்களும் வரவில்லை, அவனும் வரவில்லை.

அடுத்து நடன மங்கை வந்தாள். கலைக்கு ஷஹாத்தா எதிரி அல்ல. ஆனால் வருங்காலச் சம்பந்தி எதிரே உட்கார்ந்திருக்கும்போது கண்களை எங்கே வைப்பது என்பதற்கு நகராட்சி விதிகளில் வழிகாட்டல் இல்லை. அவர் உப்புக் குப்பியைப் பார்த்தார். ஹைதம் கைதுடைக்கும் காகிதத்தை மருந்துச் சீட்டு மாதிரி உன்னிப்பாகப் படித்தான். இருவரும் எதைப் பார்க்கிறார்கள் என்று இன்திசாரும் நெஹாலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடனத்தைப் பார்த்தவர் ஹாஜ்ஜா ஒருவர்தான். படம் எடுத்துக்கொள்ள அந்தப் பெண் மேஜைக்கு மேஜை வந்தபோது, ஹாஜ்ஜா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாப்பிட்டியாம்மா?"

அந்தப் பெண் ஒரு கணம் சிரிக்க மறந்துபோனாள். "இல்ல ஹாஜ்ஜா. சாயங்காலத்துலருந்து இது மூணாவது கப்பல்."

"உக்காரு. எங்களோட ஒரு வாய் சாப்பிடு" என்று சொன்ன ஹாஜ்ஜா மேஜையைப் பார்த்தார். மேஜையில் ஊறுகாய் இருந்தது. அந்தப் பெண் மார்பில் கைவைத்து, வயிறு நிறைந்துவிட்டது என்று மறுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள். அந்த ஒரு நிமிடத்தில் ஷஹாத்தா பட்ட அவமானத்தை ஒரு மனிதன் தன் எதிரிக்கும் வேண்டிக்கொள்ள மாட்டான்.

அப்போது இயந்திரம் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றது. குளிரூட்டியும் நின்றது, பாதி விளக்குகளும் அணைந்தன. நீலக் கோட்டுக்காரர் சற்றும் கலங்காமல், "நதியின் பேரழகை நீங்கள் ஆற அமர ரசிக்க வேண்டும் என்பதற்காக இங்கே சிறிது நேரம் நிற்கிறோம்" என்று மூடிய திரைகளுக்கு உள்ளிருந்து அறிவித்தார்.

புழுக்கம் தாங்காமல் ஷஹாத்தா மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு, சமையலறை ஓரமாக, சாமான் ஏற்றி இறக்கும் கீழ்த்தளத்துக்கு வந்தார். அங்கேதான் அவர்கள் முதன்முதலாக நைலைப் பார்த்தார்கள். அகலமாக, கறுப்பாக, எந்த அறிவிப்பும் இல்லாமல் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கப்பலை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துடுப்புப் படகு. படகிலேயே குடித்தனம் நடத்தும் ஒரு மீனவனும் அவன் மனைவியும் சின்ன அடுப்பில் ஜிலேபி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சீரகமும் பூண்டும் எண்ணெயில் முறுகும் வாசம் மேலே வந்தது. மீனவன் நிமிர்ந்தான். ஐந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் சட்டியையே பார்ப்பதைக் கண்டான். அவன் அப்பனும் பாட்டனும் சொன்னதைத்தான் அவனும் சொன்னான்.

"வாங்க, சாப்பிடலாம்."

ஷஹாத்தாவின் கை தானாக மார்புக்குப் போனது. "இருக்கட்டும்ப்பா, நீங்க நல்லா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ஹாஜ்ஜா அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துவிட்டார்.

"ஹைதம், கையைக் குடு. கூப்பிடுறாங்கல்ல."

நைல் நதியின் வரலாற்றில் அந்த அழைப்பு ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். மீனவனின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹாஜ்ஜாவைத் தொடர்ந்து ஹைதம், நெஹால், இன்திசார், வேறு வழியில்லாமல் ஷஹாத்தாவும் இறங்கினார்கள்.

"கூப்பிட்டீங்கள்ல, இப்ப அனுபவிங்க" என்று மீனவனின் மனைவி அவன் காதருகே சொன்னது எல்லோருக்கும் கேட்டது. இன்திசார் அவளை உடன்பிறந்தவளைப் போலப் பார்த்தாள்.

தட்டில் மீன் குறைவு, சுற்றிலும் வாய் அதிகம். மீனவன் தேறிக்கொண்டு தட்டையும் ரொட்டியையும் எலுமிச்சம்பழத்தையும் நகர்த்தினான். விருந்தாளிகள் முதலில் எடுக்க வேண்டும் என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டான். எல்லோரும் ஷஹாத்தாவைப் பார்த்தார்கள். இப்போது அவர் மறுக்க வேண்டும். பெற்றோர் மீது ஆணையிட வேண்டும். தலாக் வரைக்கும் போக வேண்டும். அவர் வாயைத் திறந்தார். மீன் வாசம் உள்ளே போயிற்று.

இருப்பதில் பெரிய மீனை எடுத்தார். இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை ஹாஜ்ஜாவின் ரொட்டியில் வைத்தார். மறுபாதியை, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, தன் வாயில் போட்டுக்கொண்டார்.

நெஹால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க ஹாஜ்ஜா" என்றார் ஷஹாத்தா, மென்றுகொண்டே. "பசிக்குது. இனிமே என்னால வேண்டாம்னு சொல்ல முடியாது. அன்னைக்கு வாசல்ல உங்களைக் கூப்பிட்டதும் சும்மா வாய்வார்த்தைக்குத்தான். நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றார் ஹாஜ்ஜா. அவரும் மென்றுகொண்டிருந்தார். "யாரு கூப்பிட்டாலும் நான் போயிடுவேன். போனாத்தானே உள்ள இருக்கறது தெரியும். இவன் உங்க பொண்ணப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி, இவனுக்குப் பொண்ணு கேட்டு ஏறின வீட்டுல எல்லாம் கடைசிவரைக்கும் 'உங்க வீடு மாதிரி, உங்க வீடு மாதிரி'ன்னுதான் சொன்னாங்க. ஒருத்தரும் பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லல." கையை நீட்டினார். "அந்த எலுமிச்சம்பழத்தை இப்படித் தள்ளுங்க, சம்பந்தி."

அந்தக் கடைசிச் சொல் படகில் இருந்தவர்களுக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. பிறகு இன்திசார் குலவையிட்டாள். என்ன விஷயம் என்றே தெரியாத மீனவனின் மனைவியும், குலவை கேட்டால் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற வழக்கப்படி, அவளைவிடச் சத்தமாகக் குலவையிட்டாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் பாத்திஹா ஓதிச் சம்பந்தத்தை உறுதி செய்தார்கள். நெஹால் அழுதாள், அழுதுகொண்டே மீன் தின்றாள். ஷஹாத்தாவின் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

மேலே இயந்திரம் மறுபடி உயிர்பெற்றது. விளக்குகள் எரிந்தன. 'கிளியோபாத்ராவின் புன்னகை', ஷஹாத்தாவின் மேல்கோட்டோடு, மெல்ல நகர்ந்தது. காற்று வாங்க மேல்தளத்துக்கு வந்த நீலக் கோட்டுக்காரர் கீழே இவர்களைக் கண்டார். தொழில் பக்தி உள்ளவர். உடனே ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"அன்பான விருந்தினர்களே, வாங்க, மேலே வாங்க. இனிப்பு காத்திருக்கிறது. இது உங்கள் வீடு. இது உங்கள் நதி."

அவர் சொல்லச் சொல்லக் கப்பலுக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டே போனது. ஷஹாத்தா எழுந்து நின்று, மார்பில் கைவைத்து, முறைப்படி மூன்று தடவை மறுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நீலக் கோட்டுக்காரரை யாரும் குறை சொல்லக் கூடாது. இந்த நாடு தன் பிள்ளைகளை எப்படி விருந்துக்கு அழைக்கிறதோ அப்படித்தான் அவரும் அழைத்தார்: எல்லா விளக்கையும் போட்டு, ஒலிபெருக்கியில், புறப்பட்டுவிட்ட கப்பலிலிருந்து.