பஜ்ஜிக்கு மார்க் போட்ட சாப்பாட்டுராமன்

பயந்தாங்கொள்ளிக்கு மறதியும் சேர்ந்துவிட்டால் உருப்படுவது கஷ்டம். நான் அந்த ரகம். கழக்கூட்டம் என்ற ஊரில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த வலைத்தளத்தில் என்ன பெயர் கொடுத்தோம் என்று மறந்துவிடுமோ எனப் பயந்து, எல்லா இடத்திலும் ஒரே பெயரைக் கொடுத்தேன்: சாப்பாட்டுராமன்77. ஈமெயிலுக்கும் அதுதான், கிரிக்கெட் அரட்டைக்கும் அதுதான். (கல்யாணத்துக்காகச் சுற்றுக்கு விட்ட ஜாதகத்தின் அடியிலும் அந்த ஈமெயில்தான். என்ன மூளை!)

சாப்பாட்டுப் பிரியர்களின் தளம் ஒன்றிலும் அதே பெயரில் உலாவினேன். அங்கேதான் சனி பிடித்தது. பெண் பார்க்கப் போன ஐந்து வீடுகளின் சொஜ்ஜி பஜ்ஜிக்கும் தெருப் பெயரோடு மார்க் போட்டு எழுதினேன். முகம் தெரியாதவர்கள் பாராட்டித் தள்ளினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாவதாக ஸ்ரீவராகத்தில் வித்யாவைப் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் அப்பா போன் செய்தார்.

"ஜாதகம் நன்னா சேர்றது. ஆனா வித்யாவுக்கு ஒங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணுமாம். ஒங்க ஈமெயில் பேரைப் போட்டு கம்ப்யூட்டர்ல என்னமோ தேடிண்டிருக்கா. ஞாயித்துக்கிழமை வாங்கோ."

நானும் தேடிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் என் பஜ்ஜிப் பட்டியல் இருந்தது. அவள் இன்னும் அதுவரை வந்திருக்க மாட்டாள் என்று ஒரு நப்பாசை. அழிக்கவோ வழி தெரியவில்லை. "பெண் வீட்டார் பார்ப்பதற்குள் அழித்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்று தள நிர்வாகிக்கு எழுதினேன். தனிக்கடிதம் என்று நினைத்து எழுதியது பொதுவில் போய் விழுந்தது. மறுநாள் நாற்பது பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தால், என் பெயரைத் தேடினால் இப்போது அதுதான் முதலில் வந்தது! ஞாயிறு வரை சோறு இறங்கவில்லை.

வித்யா அச்செடுத்த தாளோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மூணாவது வீடு. 'உப்பு என்று ஒரு பொருள் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. பத்துக்கு இரண்டு.' எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்" என்றேன்.

"அது எங்க பெரியம்மா ஆத்து பஜ்ஜி. அவ பொண்ணுக்கு ஜாதகம் சேரலைன்னாலும் பையன் தங்கம்னு ஒங்களை எங்களுக்குச் சொன்னதே அவதான்."

வாசலில் என் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"எங்காத்து பஜ்ஜியைப் பத்தி ஏன் எழுதலை?"

"பஜ்ஜியை நான் கவனிக்கவே இல்லை" என்றேன். பயத்தில் பொய் எதுவும் வரவில்லை. "ஒங்களைத்தான் பாத்துண்டிருந்தேன்."

அவள் தாளை மடித்தாள். "சாரமில்லை." (பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.) "ஆனா பெரியம்மாட்ட நீங்களே போய்ச் சொல்லிடணும்."

போய்ச் சொன்னேன். பெரியம்மா எழுந்துபோய் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தார். அதுதான் பயங்கரம்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும், குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் எனக்குப் பரிமாறுவது பெரியம்மாதான். இலையில் பஜ்ஜியை வைத்துவிட்டு நகரமாட்டார். மொத்தப் பந்தியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்க்கும்.

"மாப்ளே, எத்தனை மார்க்?"

"பத்துக்குப் பத்து, பெரியம்மா."

பந்தி வெடித்துச் சிரிக்கும். பெரியம்மா இன்றுவரை உப்புப் போடுவதில்லை.