ஏர் ஃபில்டருக்குச் சீயக்காய் தேய்த்த விவரம்

திருநகர், மதுரை.
செவ்வாய்க்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சிரஞ்சீவி சாம்பசிவம் அவர்களுக்கு, மாமனார் ஹாலாஸ்யம் மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும், தங்கள் மாமியார் ஜகதாம்பாளும், பிரசவத்துக்கு வந்திருக்கும் ஸ்யாமளாவும் மீனாக்ஷி கிருபையால் சௌக்கியம். வண்டி மட்டும் சௌக்கியமில்லை. நாக்பூரில் தங்கள் சௌக்கியத்தையும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு தங்களுக்கு என்மேல் வரும் கோபத்தின் அளவையும் உடனே தெரியப்படுத்தக் கோருகிறேன்.

பதறாமல் படிக்கவும். தாங்கள் டிரெய்னிங்குக்குக் கிளம்பிய அன்று, ரயிலடியில், "மாமா, ஸ்யாமளாவை ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போறதுக்காகத்தான் அம்பாஸிடரை உங்காத்துல விட்டுட்டுப் போறேன், அந்த நேரத்துல அது நின்னுடப்படாது" என்று சொன்னீர்களே, அது அப்படியே என் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் கீழக்குயில்குடி நல்லகாமனை டிரைவராக ஏற்பாடு செய்தேன். அவன் பத்து வருஷமாக டிராக்டர் ஓட்டியவன். பாட்டரி இறங்காமல் இருக்க வண்டியை அவ்வப்போது ஓட்டிவைக்கும்படி தாங்கள் எழுதியிருந்ததால் நானும் அவனுமாக அவன் ஊர்வரைக்கும் போய்வந்துகொண்டிருந்தோம். கல் லாரிகள் போகும் சாலை. போகும்போது கறுப்பாக இருந்த வண்டி வரும்போது காவியாக இருக்கும். அதைப் பெருமையாகத் தங்களுக்கு எழுதியது என் தப்பு. தாங்கள் பதில் எழுதினீர்கள்: "அத்தனை தூசியில் ஓட்டினால் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதிலுள்ள கம்பிவலையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுப் பூட்டவும்."

இதை உரக்கப் படித்ததும் ஜகதாம்பாள் அடுக்களையிலிருந்து வந்து, "இன்னொரு தரம் படியுங்கோ" என்றாள். படித்தேன். "குளிச்சுட்டு யாராவது எண்ணெய் தேச்சுப்பாளோ? எண்ணெய் தேச்சுண்டுன்னா குளிப்பா! பாவம், மாப்பிள்ளை பொண்டாட்டிக் கவலையில மாத்தி எழுதிட்டார்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கலெக்டர் ஆபீஸில் முப்பது வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்தவன். எத்தனை பெரிய அதிகாரிகள் எழுதிய உத்தரவில் வரி மாறிப்போயிருந்ததை நான் சத்தம் போடாமல் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன்! அதேபோல் தங்கள் உத்தரவையும் சரிசெய்துவிட்டேன். முதலில் எண்ணெய், அப்புறம் குளியல்.

பிறகு என்றைக்குச் செய்வது என்ற கேள்வி வந்தது. பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை. வண்டி எதில் சேர்த்தி? நல்லகாமனைக் கேட்டேன். "டிராக்டர நாங்க ஆம்பளயாத்தான் நெனைக்கிறது அய்யா. இது கொஞ்சம் மினுக்குற வண்டி. எனக்குச் சொல்லத் தெரியல" என்று நழுவிவிட்டான். அடுத்த வீட்டு சுப்பராமன், ரிட்டயரான சயன்ஸ் வாத்தியார், வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ரிஜிஸ்டிரேஷன் யார் பேருல இருக்கோ அவாளை அனுசரிச்சுப் பண்ணும் ஓய்" என்றார். தங்கள் பெயரில் இருப்பதால் சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

மண்ணெண்ணெய் ரேஷன் கடைக்கு இன்னும் வரவில்லை. எஞ்சின் ஆயிலை டப்பாவிலிருந்து திறந்ததுமே ஸ்யாமளாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "பிள்ளைத்தாச்சி உட்கார்ந்து போற வண்டிக்கு இந்தக் கண்ராவி எதுக்கு?" என்று ஜகதாம்பாள் நல்லெண்ணெயில் நாலு மிளகைப் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். கம்பிவலையில் அதைத் தேய்த்து, வெயிலில் ஊறவிட்டு, வடித்த கஞ்சியில் சீயக்காய்ப் பொடியைக் கரைத்து நானே என் கையால் அலசினேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இல்லை! கடைசியில் சாம்பிராணிப் புகையும் காட்டிப் பூட்டினோம். இதைவிட சிரத்தையாக எந்த மாமனாரும் செய்திருக்க முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்லகாமன் வண்டியைக் கிளப்பினான். வண்டி தும்மியது மாப்பிள்ளை! நாலு அடி போவதும் தும்முவதும் குலுங்குவதுமாகத் தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. சீயக்காய்ப் பொடி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. "எண்ணெய் தேச்சுக் குளிச்சதுல ஜலம் கோத்துண்டிருக்கும், சுக்குப் பத்து போடணும்" என்றார் சுப்பராமன். வாத்தியார் கேலி செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஸ்யாமளா வாசற்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, போறும்பா, சிரிச்சு சிரிச்சு வயிறு இழுத்துப் பிடிக்கிறது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நேரத்தில் இத்தனை சிரிப்பு ஆகாது என்று கண்டித்து உள்ளே அனுப்பினேன்.

நேற்று நல்லகாமன் ஒரு யோசனை சொன்னான். "அய்யா, எண்ணெய் பத்தல. இம்புட்டுக் கம்மியா காட்டுனா அதுக்கு எப்பிடி நெஞ்சு எளகும்? அம்புட்டையும் ஊத்துவோம்" என்று, நான் அடுக்களையைத் திரும்பிப் பார்ப்பதற்குள், மீதமிருந்த நல்லெண்ணெய் முழுவதையும் ஃபில்டருக்குள் கவிழ்த்துவிட்டான். வண்டி கிளம்பியது, தும்மல் நின்றது. எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பின்பக்கத்திலிருந்து புகை வர ஆரம்பித்தது. சாதாரணப் புகையில்லை, வெள்ளைவெளேரென்று, முறுக்குச் சுடும் வாசனையோடு. திருநகர் பூராவும் அந்த வாசனை. எதிர்வீட்டு விஜயம் மாமி பாத்திரத்தோடு வந்து, "சீமந்தத்துக்கு எங்களைக் கூப்பிடவே இல்லையே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள். அப்புறம் வண்டி நின்றே போயிற்று. பஜனைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் தள்ளிக்கொண்டுவந்து வாசலில் விட்டார்கள்.

இன்று விடிந்ததும் மறுபடி சீயக்காய் தேய்த்துக் கம்பிவலையைக் கொல்லைக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். "ரெண்டு நா காயட்டும், அதுவரைக்கும் தொடக் கூடாது" என்கிறான் நல்லகாமன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. தங்களிடம் மறைப்பானேன். ஸ்யாமளா பிறந்தபோது ஜட்கா வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஆண்டாள்புரத்துப் பக்கம் குதிரை படுத்துக்கொண்டது. ஜகதாம்பாள் உள்ளே துடிக்க, நான் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிறேன், குதிரைக்காரன் குதிரையிடம் கெஞ்சுகிறான். அந்தத் தவிப்பு இன்னும் என்னை விடவில்லை. என் பெண்ணுக்கு அது வரக்கூடாது என்றுதான் தங்கள் வண்டியை நம்பியிருந்தேன். அதைத்தான் நானே குளிப்பாட்டிக் கெடுத்திருக்கிறேன்.

நல்லவேளை, பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே அந்தக் கவலை தங்களுக்கு வேண்டாம். ஸ்யாமளா காலையிலிருந்து கூடத்துக்கும் ரேழிக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள், நடப்பது நல்லதுதானே. நடுநடுவே நின்று தூணைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, லெட்டர் முடிஞ்சுதா? சித்த எழுந்து வாயேன்" என்கிறாள். முக்கியமான விஷயம் எழுதிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். இப்போது ஜகதாம்பாளும் கூப்பிடுகிறாள். இவர்களுக்கு வண்டியின் அருமை தெரியவில்லை.

ஆகவே தாங்கள் இதைத் தந்திபோல் பாவித்து, ரஜா போட்டு, அடுத்த ரயிலிலேயே வந்து வண்டியைச் சரிசெய்து தர வேண்டியது. வர இயலாவிட்டால் வண்டிக்கு இனி எந்த எண்ணெய், எந்தக் கிழமை, எத்தனை நாழி ஊற வேண்டும் என்று தந்தி கொடுக்கவும். பெரிய மனசு பண்ணி என்னை மன்னிக்கவும். தாங்கள் தீர்க்காயுசாகவும், உத்தியோக உயர்வோடும், என் பெண்ணோடு பல்லாண்டும் வாழ அந்த சொக்கநாதர் அருள வேண்டும். இதோ வந்துவிட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வண்டியின் நினைவாகவே இருக்கும்
ஹாலாஸ்யம்

பின்குறிப்பு: இதை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம். தங்களுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் பரம சௌக்கியம். குழந்தைக்குத் தங்கள் நெற்றி, குரல் ஜகதாம்பாளுடையது. காலையில் ஸ்யாமளா என்னைக் கூப்பிட்டது எதற்கென்று பேனாவை மூடிய பிறகுதான் விளங்கிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லகாமன், "ஏறுங்க அய்யா, வாரது வரட்டும்" என்று சாவியைப் போட்டான். முதலில் கொஞ்சம் இருமிற்று, அவ்வளவுதான். அப்புறம் தும்மவில்லை, புகையவில்லை. பசுமலை, பழங்காநத்தம், ஆண்டாள்புரம் எல்லாவற்றையும் தாண்டி வண்டி பறந்தது. ஆண்டாள்புரத்தில் மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது: கம்பிவலை கொல்லைக் கொடியிலேயே தொங்குகிறது. தூசி போய்விடக் கூடாதே என்று, கிளம்பும் அவசரத்திலும் நல்லகாமன் எஞ்சின் மூச்சு இழுக்கும் வாயில் தங்கள் கல்யாணத்தில் எனக்குப் போர்த்திய அங்கவஸ்திரத்தைக் கட்டியிருந்தானாம். அதில் ஜரிகை கொஞ்சம் கறுத்திருக்கிறது. வண்டிக்கு ஒன்றும் இல்லை. ஆகவே, ரஜா போட்டு வந்து வண்டியைச் சரிசெய்ய வேண்டும் என்று மேலே எழுதியதெல்லாம் ரத்து. ரஜா போட்டு வந்து குழந்தையைப் பார்க்கவும்.

இன்னொன்று. குழந்தையை என்றைக்கு எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஜகதாம்பாள் இப்போதே ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டாள். அதுபற்றித் தாங்கள் ஏதாவது எழுதுவதாக இருந்தால், ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்க்கவும். எண்ணெய்தான் முதலில்.