கனவு குடிக்கும் ஏலக்காய்

செவ்வாய்க்கிழமை வந்தால் குரங்கணி பஸ்சில் மூச்சு விட இடம் கிடையாது. கூரை மேல் பதினைந்து பேர். ஏணியில் ஆறு பேர். கண்டக்டர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. விசில் மட்டும் கேட்கும். எல்லார் மடியிலும் ஒரு மஞ்சள் துணி மூட்டை. போகிற இடம் கனவுமுழுங்கிச் சாமியாரின் கொட்டகை.

எழுபத்தெட்டாம் வருஷம் எங்கிருந்தோ வந்து, மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்த மகான் அவர். கெட்ட கனவு கண்டவன் அரைப்படி ஏலக்காயை மஞ்சள் துணியில் கட்டித் தலைக்கு அடியில் வைத்து மூன்று ராத்திரி படுக்க வேண்டும். காய் கனவைக் குடித்துவிடும். கொண்டு போய்க் கொடுத்தால் சாமியார் மூட்டையை அமுக்கிப் பார்ப்பார். கண்ணை மூடுவார். "குடிச்சிருச்சு!" என்பார். மூட்டை உள்ளறைக்குப் போய்விடும். நஞ்சு ஏறிய காய் அல்லவா? அமாவாசைக்கு அக்கினியில் போடுவாராம். எந்த அமாவாசை என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

"குடிக்கலையே" என்றால் மறுபடி அரைப்படி.

கெட்ட கனவு உடம்பைத் தின்னும் என்பது சாமியாரின் வைத்திய சாஸ்திரம். கனவில் ஓடினால் நிஜ முழங்கால் தேயும். கனவில் ரத்தம் கொட்டினால் நிஜ ரத்தத்தில் ஓர் ஆழாக்கு குறையும். கனவில் விழுந்தால் நெஞ்சு நரம்பில் ஒன்று அறும். நெஞ்சில் மொத்தம் ஏழு நரம்பு. எண்ணியவர் அவரேதான்.

கோட்டைச்சாமிக்கு ஆறு அறுந்துவிட்டது.

சிலமலைக்காரன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். தினமும் காலையில் பன்னிரண்டு பெண்களோடு போடிமெட்டுக்கு ஏறுவான். கனவும் அதே ரோட்டில்தான். வளைவில் பிரேக்கை மிதித்தால் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி அமுங்கும். ஜீப்பு பள்ளத்தில் பறக்கும். பக்கத்து சீட்டில் ஒரு யானை உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, போடி வந்துருச்சா?" என்று கேட்கும். அலறி எழுந்தால் நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கும்.

"ஏழாவது தடவ விழுந்தா நெஞ்சு வெடிச்சுரும் மகனே," என்றார் சாமியார். "வர்ற செவ்வாய்க்கு முன்னால மூணு ராத்திரி மூட்டை மேல தலைய வச்சுப் படு. ஆனா கண்ண மூடாத."

படுத்தான். மூடவில்லை.

இரண்டு ராத்திரி போயிற்று. திங்கட்கிழமை காலை, நல்ல வெயிலில், மலையேறும்போது கண் தானாகச் சொருகியது. பின்சீட்டிலிருந்து மொக்கம்மாள் தூக்குப்போணியால் அவன் உச்சந்தலையில் ஒரு போடு போட்டாள். விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தான். ஜீப்பு பள்ளத்தை விட்டுவிட்டுப் பாறையில் முட்டி நின்றது.

"ஏலேய் அப்பு! ஒன் ஒரு நெஞ்சு வெடிக்கும்னு பயந்து எங்க பன்னெண்டு பேரைக் கொல்லப் பாத்தியே!"

சேதி கோட்டைச்சாமி வீட்டுக்கு அவனுக்கு முன்னால் போய்விட்டது. அவன் பெண்டாட்டி சந்திரவல்லிக்குப் போடியில் ஏலக்காய் குடோனில் ரகம் பிரிக்கிற சோலி. காயைத் தொட்டாலே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவாள்.

"தூங்காத மனுசனுக்கு ஏதுய்யா கனவு?" என்றாள். "கனவே இல்லேன்னா காயி எதைக் குடிக்கும்?"

கோட்டைச்சாமி யோசித்தான். தூங்காத மூளை ஸ்டார்ட் ஆகவில்லை. "சாமி சொன்னாரே..."

"இதுவரைக்கும் அஞ்சு மூட்டை குடுத்தோம். மூணு குடிச்சது, ரெண்டு குடிக்கல. குடிச்சது மூணும் பச்சை மாறாத பருங்காய். குடிக்காத ரெண்டும் நான் கழிச்ச பொடிக்காய். ஒன் கனவுக்கு ரகம் பிரிக்கத் தெரியுதுய்யா! குடோன்ல ஒரு ஆள் கொறையுது, வரச் சொல்லு."

"வெளையாடாத ஆத்தா. ஏழாவது விழுந்துட்டா?"

மூன்றாவது ராத்திரியும் அவன் அதே மூட்டையில் தலை வைத்தான். அதுவும் பொடிக்காய்தான்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பெண்களும் சோலிக்கு மட்டம். ஜீப்பு குரங்கணிக்கு நடை வேகத்தில் ஊர்ந்தது. டிரைவர் தலைக்கு நேர் மேலே தூக்குப்போணி தயாராக இருந்தது. ஓடுகிற ஜீப்பிலேயே, எல்லார் கண் முன்னாலும், சந்திரவல்லி இன்னும் இரண்டு மஞ்சள் மூட்டை கட்டினாள்.

கொட்டகையில் மூன்று மூட்டையையும் சாமியார் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"சாமி, இதுல ஒண்ணுதான் எங்க வீட்டுக்காரர் தலைக்கு வச்சது. மத்த ரெண்டும் சும்மா கட்டுனது. கனவு குடிச்சது எதுன்னு சொல்லிருங்க, கும்புட்டுட்டுப் போறோம்."

"தெய்வத்தையே சோதிக்கிறியா?"

"தெய்வத்தை எங்க சாமி சோதிச்சேன்? மூட்டையத்தான்."

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. "சொல்லுங்க சாமி! அவ வாய் அடையட்டும்!"

சாமியார் முதல் மூட்டையை அமுக்கினார். உதட்டைப் பிதுக்கினார். "இது வெறும் மூட்டை."

இரண்டாவது. "இதுல கனவு வாடையே இல்ல. பரிசுத்தம். பூசையில வைக்கலாம்."

மூன்றாவதைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்தார். "அடேயப்பா, சுடுது! ஏழாங்கனவு முழுசா இதுக்குள்ள அடைஞ்சு கெடக்கு! ஆனை வாடை அடிக்குது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அட கூத்தே!" என்று மொக்கம்மாள் எழுந்தாள். "அது இப்பத்தான ஜீப்புக்குள்ள கட்டுனது! பருங்காய்! நாங்க பன்னெண்டு பேரும் பாத்தோம். தலைக்கு வச்சது நீ மொதல்ல தள்ளுனியே, அது!"

சந்திரவல்லி அந்தப் 'பரிசுத்த' மூட்டையை அவிழ்த்துப் பூசைத் தட்டில் கொட்டினாள். ஆட்டுப்புழுக்கை.

"பூசையில வச்சாச்சு சாமி."

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. அதற்குள் நாலு பேர் உள்ளறைக்குள் புகுந்துவிட்டார்கள். அக்கினியும் இல்லை, ஒரு பிடி சாம்பலும் இல்லை. சுவரில் சல்லடை. தரையில் பருங்காய் தனிச் சாக்கு, பொடிக்காய் தனிச் சாக்கு. வாயைத் தைத்து, போடிச் சந்தைக்கு லோடு தயார்.

சாமியார் வேட்டியை மடித்துக் கட்டி ஓடி, ஜீப்பில் தாவி ஏறினார். "மகனே, வெரசா எடு!"

கோட்டைச்சாமி மரியாதைக்காரன். "எடுக்குறேன் சாமி. நீங்க சொன்னபடி மூணு ராத்திரியாத் தூங்கல. ரோடு ரெண்டாத் தெரியுது. எதுல போகட்டும்?"

சாமியார் குதித்தார். மொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

கோட்டைச்சாமியின் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. குறட்டை. ஏழாவது வந்துவிட்டால்? பாதிப் பேர் பத்தடி பின்வாங்கினார்கள், வெடித்தால் மேலே தெறிக்கக் கூடாதென்று. சந்திரவல்லி மட்டும் நகரவில்லை. அவன் தோளில் கை வைத்தபடி நின்றாள்.

அரை மணி நேரம் போயிற்று. "ஆத்தாஆஆ!" என்று அலறி எழுந்தான். மூச்சு வாங்கியது. நெஞ்சைத் தடவினான். மறுபடி தடவினான்.

"விழுந்துட்டேன். அடிவரைக்கும். ஆனை என் மேல விழுந்துச்சு."

"நெஞ்சு?" என்றது கூட்டம்.

"பசிக்குது."

மறுநாள் போடியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். கல்லு மாதிரி இருக்கிறது, ராத்திரி பால் ஊற்றாத கட்டஞ்சாயாவைக் குறை, நேரத்துக்குத் தூங்கு என்றார். கனவு இன்னமும் எப்போதாவது வருகிறது. அலறுகிறான். தண்ணீர் குடிக்கிறான். புரண்டு படுக்கிறான். காலையில் பன்னிரண்டு பேரும் பத்திரமாக மலையேறுகிறார்கள்.

ஆனால் அன்று கொட்டகையில் நடந்த கடைசிக் கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கி வந்து, கோட்டைச்சாமி காலடியில் மஞ்சள் மூட்டையை வைத்தார். "அப்பு, ஏழையும் தாண்டுனவன் நீ. ஒங் கையால தொட்டுக் குடு." அவருக்குப் பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டது.

ராத்திரி தாராளமாகக் கண்ணை மூடுங்கள் மக்களே. பகலிலாவது திறந்து வைத்துத் தொலையுங்கள்.