நோன்பு வீட்டில் ஒரே ஒரு நாக்கு

சமைப்பவர், சாப்பிடுபவர் என்று இரண்டே வகை மனிதர்களை வைத்துக்கொண்டு உலகம் பல்லாயிரம் ஆண்டுகள் நிம்மதியாக நடந்து வந்தது. தொலைக்காட்சி வந்த பிறகுதான் மூன்றாவது வகை ஒன்று தோன்றியது: சமைப்பவருக்குப் பக்கத்தில் நிற்பவர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டுப்புடவை கட்டியிருப்பார், அதில் இன்றுவரை ஒரு கடுகுகூடத் தெறித்ததில்லை. சமைப்பவர் "பூண்டு" என்றால் இவர் "ஓ, பூண்டு! நேயர்களே, பூண்டு!" என்று புதையல் கிடைத்த மாதிரி கூவுவார், எண்ணெய் காயும்போது மாமியாரைப் பற்றிக் கேட்பார், வெங்காயம் வதங்கும்போது காதல் கல்யாணமா என்று கேட்பார், அடிபிடிக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு பாட்டுப் பாடச் சொல்வார், கறிக்குப் பதில் காளான் போடலாமா, காளானுக்குப் பதில் பனீர் போடலாமா என்று விசாரித்து, கடைசியில் ஒரு கரண்டி எடுத்து, ஊதி, கண்ணை மூடி, தலையை ஒரு ஆட்டு ஆட்டி, "ம்ம்ம்... சான்ஸே இல்ல!" என்பார்.

கரண்டி இன்னும் உதட்டைத் தொட்டிருக்காது.

இவரை யாருக்குப் பிடிக்கும்? வீட்டுக்கு வீடு சமைக்கிற எல்லோருக்கும். யாருக்குப் பிடிக்காது? அந்த எல்லோருடைய கணவர்களுக்கும்.

லெப்பைக்குடிக்காட்டு ஜுலைகா பதினோரு வருடமாக டெய்சியின் ரசிகை. டெய்சி இந்த வகையில் முதல் தரம். வரதராஜன்பேட்டையில் பிறந்து சென்னைக்குப் போய், 'அடுப்பங்கரை அதிசயம்' நிகழ்ச்சியில் சனிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடுகிறவள். அந்த நேரத்தில் ஜுலைகாவின் வீட்டில் உலை கொதித்தாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, சத்தம் வரக்கூடாது.

ஜவுளிக்கடையிலிருந்து சாப்பிட வரும் கணவர் சாகுல் ஹமீதுக்குத்தான் பொறுக்காது.

"அந்தப் புள்ள தொண்டையப் பாரு. எப்பயாச்சும் அசைஞ்சிருக்கா? முழுங்குறதே இல்ல."

"நீங்க முப்பது வருசமா முழுங்குறீங்க. ஒருநாளாச்சும் நல்லாருக்குன்னு வாயத் தொறந்திருக்கீங்களா? அவ முழுங்காமலே சொல்றா!"

சாகுல் ஹமீது மறுசோறு கேட்காமல் எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்ட டெய்சி, ரமலான் சிறப்பு நிகழ்ச்சிக்காக ஜுலைகாவின் வீட்டுக்கே வருவதாகத் தகவல் வந்தது. நோன்புக் கஞ்சி. ஆனால் விதி எப்போதும் நல்ல செய்தியைத் தனியாக அனுப்புவதில்லை. அதே நாள் மாலைதான் சம்பந்தி வீட்டார் முதல் முறையாக நோன்பு திறக்க வருவதாக இருந்தது. மகள் இஃப்பத்துக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை காமில் துபாய்க்குப் போய்விட்டார். அரியலூரில் மாமியார் ரஹ்மத்தம்மாவும் இஃப்பத்தும்தான். அந்த ரஹ்மத்தம்மா கல்யாண விருந்தில் கையைக் கழுவிவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றவர். மூன்று மாதமாக அந்தச் சொல் ஜுலைகாவின் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கஞ்சி நன்றாக இருந்தால் மகளுக்கு அந்த வீட்டில் மரியாதை. இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க, "ஒங்க அம்மா கைப்பக்குவந்தானே ஒனக்கும் வரும்" என்ற பேச்சு.

மூன்று மணிக்குப் படப்பிடிப்பு தொடங்கியது. இயக்குநர் மணிமொழி கேமராவுக்குப் பின்னால் நின்றார். கொத்துக்கறி போட்டாயிற்று, பாசிப்பருப்பு குழைந்தாயிற்று, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தைப் பார்த்து டெய்சி வியந்தாயிற்று. அடுத்தது உப்பு.

"போடுங்கக்கா... அருமை. இப்ப கிட்டத்துல ஒரு தடவ" என்றார் மணிமொழி.

ஜுலைகா போட்டாள்.

"கையில வெளிச்சம் விழலைங்க. இன்னொரு தடவ."

போட்டாள்.

"வளையல் குலுங்கணும்க்கா. அப்படியே சிரிச்ச முகமா."

சிரித்த முகமாகப் போட்டாள். போடுவதுபோல் பாவனை செய்தால் போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அவள் கை சட்டிக்கு மேலே போய்ப் போடாமல் திரும்பியதும் இல்லை.

திடீரென்று அவள் உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நான் எத்தன தடவ போட்டேன்?"

"ஆறு டேக்குங்க. அதுல ரெண்டு வேஸ்ட்டு."

"வேஸ்ட்டான உப்பு எங்க போச்சு?"

"கவலப்படாதீங்கக்கா, அத எடிட்டிங்ல தூக்கிரலாம்."

இங்கேதான் நீங்கள் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜுலைகாவுக்கு நோன்பு. சாகுல் ஹமீதுக்கு நோன்பு. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்ற சலுகை சமைப்பவர்களுக்கு உண்டுதான், ஆனால் "கை அறியாத உப்ப நாக்கா அறியப்போவுது?" என்று முப்பது ரமலானாகப் பெருமை பேசியவள் ஜுலைகா. இன்றைக்குக் கணவர் பார்க்க, கேமரா பார்க்க, அந்தப் பெருமையைத் துப்புவதா? படக்குழுவைக் கேட்கலாம் என்றால், மணிமொழியும் கேமராமேன் அமிர்தலிங்கமும் சமயபுரத்தம்மனுக்கு மஞ்சள் துணி கட்டி விரதம் இருந்தார்கள். கறிச் சட்டிக்கு நாலடி தள்ளியே நின்றார்கள். ஆக, அந்த அடுக்களையில் ருசி பார்க்கத் தோதான நாக்கு ஒன்றே ஒன்று. டெய்சியின் நாக்கு.

டெய்சி கரண்டியை எடுத்தாள். ஊதினாள். கண்ணை மூடினாள். "ம்ம்ம்... சான்ஸே இல்ல, நேயர்களே!"

ஜுலைகா முதல் முறையாக ஒரு முழம் தூரத்தில் நின்று அந்தத் தொண்டையைப் பார்த்தாள். அது அசையவில்லை.

"கட்" என்றதும் அவள் டெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேமராவ வுடும்மா. எம் மவ வாழ்க்கைம்மா இது. உப்பு கூடிருந்தா சொல்லிரு. இன்னும் மூணு படி தண்ணி இருக்கு, நொய்யரிசி இருக்கு, தேங்காப்பால் இருக்கு. இப்பச் சொன்னா சரிபண்ணிருவேன்."

ஒரு தாய் கையைப் பிடித்துக் கேட்கிறாள். ஒரே ஒரு சொல் போதும். டெய்சி என்ன சொன்னாள்?

"பர்ஃபெக்ட்டுக்கா! சத்தியமா!"

பதினோரு வருட நம்பிக்கை ஒரு தொண்டை அசையாததற்காகவா உடைந்துவிடும்? ஜுலைகா அடுப்பை அணைத்தாள்.

சம்பந்தி வந்தார். இஃப்பத் வந்தாள். மணிமொழிக்குக் குடும்பம் கூடிச் சாப்பிடும் காட்சியும் வேண்டியிருந்ததால் கேமராவும் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. ஜுலைகா தன் கோப்பையைத் தொடவில்லை. சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத்தம்மா ஒரு வாய் குடித்தார்.

அவர் கண்களில் நீர் கட்டியது.

"ஆனந்தக் கண்ணீர்! விட்றாத, கிட்டப் போ!" என்று மணிமொழி கிசுகிசுத்தார். கேமரா ரஹ்மத்தம்மாவின் மூக்குவரை போனது. அரியலூர் முழுக்கப் பார்க்கப்போகிற முகம் அது. அவர் சிரமப்பட்டு விழுங்கினார்.

"மாஷா அல்லாஹ். ரொம்ப நல்லாருக்கு, சம்பந்தி."

கேமரா இஃப்பத்திடம் வந்தது. "சூப்பர்ம்மா." சாகுல் ஹமீதிடம் வந்தது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் திறக்காத வாய் திறந்தது. "நல்லாருக்கு." சொல்லிவிட்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். அதைக் கேட்ட பிறகுதான் ஜுலைகா தானும் ஒரு வாய் எடுத்தாள்.

கடல்.

படப்பிடிப்பு விளக்கை அணைத்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத டெய்சி, படம் எடுப்பது முடிந்த தைரியத்தில், ஒரு கோப்பை கஞ்சியை எடுத்து நிஜமாகவே வாயில் ஊற்றிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவள் தொண்டை அசைந்தது. முகம் வெளுத்தது. நேராக அடுக்களையில் இருந்த ஜுலைகாவிடம் வந்தாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. உப்பு ரொம்பத் தூக்கல். நான் அப்பவே நாக்குல வச்சிருக்கணும்."

அவள் வாழ்க்கையில் சமையலைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை. ஜுலைகா அப்போதே கேட்ட உண்மை. ஜுலைகா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கழுவப் போனாள்.

பெருநாள் கழிந்து வந்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. சாகுல் ஹமீது அதிசயித்துப் போனார்.

"என்ன, ஒன் டெய்சியக் காணோம்?"

"அவளுக்கு என்னங்க தெரியும் சமையலப் பத்தி? சம்பந்தியே வாயாரச் சொல்லிட்டுப் போனாவ. இவ வந்துட்டா கொற சொல்ல."

சாகுல் ஹமீது வாயைத் திறந்தார். யோசித்தார். "நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். அன்று மறுசோறும் அவருக்குக் கேட்காமலே விழுந்தது.

இதைப் படித்துவிட்டு டெய்சியை நினைத்து நீங்கள் சிரிக்கலாம். தடையில்லை. ஆனால் நேற்று ராத்திரி, ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், எதிரே நின்றவரிடம் "சூப்பரா இருக்கு" என்றீர்களே, அப்போது உங்கள் தட்டில் இருந்தது சாம்பாரா, புளிக்குழம்பா? சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்.